மாடி அறையில் ஒரு நிருபர்

ரெபேக்காள் இட்லித் தட்டோடு மாடிக்குப் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். "சார், நான்தான்" என்றதும்தான் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மனுஷன் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாமல்லபுரத்தில் மீனவர் குப்பத்தை ஒட்டி அவளுக்கு ஒரு மாடி வீடு. புருஷன் பூபாலன் துபாயில் கிரேன் ஓட்டி அனுப்பிய பணத்தில் எழும்பியது. கீழே குடித்தனம், மேலே வெளிநாட்டுக்காரர்களுக்கு இரண்டு அறைகள். ரிசார்ட்டில் வரவேற்பு வேலை பார்த்தவள் என்பதால் இங்கிலீஷ் தடங்கலில்லாமல் வரும்.

லியாங் ஷூவென் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. சீனப் பத்திரிகையாளர். சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர் ஊர் திரும்பவில்லை. வேறொரு நாட்டில் அடைக்கலம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். வந்த அன்றே அவர் பாஸ்போர்ட் விவரத்தை அவள் முறைப்படி போலீசுக்குப் பதிந்துவிட்டாள். ஏட்டு உலகநாதன் ஒருமுறை வந்து விசாரித்து, டீ குடித்துவிட்டுப் போனார். ஒளிவு மறைவு இல்லை. ஆனாலும் சீனாக்காரர்; கல்பாக்கம் அணு உலையோ கூப்பிடு தூரம். ஊர் வாய் சும்மா இருக்குமா?

முதலில் பயந்தவன் அவள் தம்பி சாம். அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்டர் கீழே வெல்டர். புதுப்பட்டினத்தில் குடியிருப்பு.

"அக்கா, அந்தாள அனுப்பிடு. பிளாண்ட் கேட்ல எவனாவது போட்டுக் குடுத்தான்னா என் பாஸ் போயிடும். பொழப்பே அதுலதான் கீது" என்று போன ஞாயிறு சர்ச் வாசலிலேயே வைத்துச் சொன்னான்.

"அவரு இன்னாடா பண்ணாரு? ரூமைவிட்டே வர்றதில்ல."

"அதான்க்கா பேஜாரு. ஊரு சுத்திப் பாக்க வந்தவன் ரூமுக்குள்ள ஏன் குந்திகினு கீறான்?"

 இரண்டு நாள் அவளுக்கே சந்தேகம் பிடித்து ஆட்டியது. அறை கூட்டும்போது கண்ணால் துழாவினாள். ஒரு மடிக்கணினி, நாலு சட்டை, வயிற்றுப்புண் மாத்திரை. அவ்வளவுதான்.

இன்றைக்கு அவர் இட்லியைத் தொடவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"நேற்று என் தங்கை பேசினாள். வீடியோவில். 'அண்ணா, திரும்பி வந்துவிடு, எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்' என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரையோ பார்த்துப் பார்த்துப் பேசினாள்."

ரெபேக்காள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார்.

1989இல், சீனாவில் மாணவர்கள் ஜனநாயகம் கேட்டு வீதிக்கு வந்த ஆண்டில் அவர் ஒரு மாகாண நாளிதழில் இளம் நிருபர். நாடே புரண்டுவிடும் என்று நம்பிய காலம். ராணுவத்தின் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று, கிடத்தியிருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஆசிரியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, அழுதுகொண்டே அடுப்பில் போட்டார். லியாங் அதே பெயர்களை ஒரு வெளிநாட்டு வானொலிக்குச் சொன்னார். சிறை. வெளியே வந்தபோது நிச்சயித்திருந்த பெண் வேறொருவருக்கு மனைவியாகியிருந்தாள். துணி துவைக்கும் மெஷின் விற்றார். பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்தினார். கெடுபிடி கொஞ்சம் தளர்ந்த வருஷங்களில் மறுபடி நிருபர். நிலக்கரிச் சுரங்கம் இடிந்ததை எழுதினார், பத்திரிகையை மூடினார்கள். கொரோனா ஆண்டில் மயானத்து வரிசையைப் படமெடுத்தார், மறுபடி சிறை.

"வேற தொழில் பாத்திருக்கலாமே சார்?"

"பார்த்தேனே. மெஷின் நன்றாகத்தான் விற்றேன்." லேசாகச் சிரித்தார். "ஆனால் அந்தப் பெயர்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். எனக்கு மறந்துவிட்டால் அவர்கள் செத்ததே இல்லை என்றாகிவிடும்."

மத்தியானம் கேட்டில் பைக் நின்றது. இரண்டு பேர். ஒருவன் தமிழன், கழுத்தில் ஏதோ டூர் கம்பெனி அட்டை. மற்றவன் கறுப்புக் கண்ணாடி, வாயே திறக்கவில்லை. தமிழன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். லியாங்தான், வயது குறைவு.

"எங்க கஸ்டமரு மேடம். கொஞ்சம் மனசு சரியில்லாதவரு. வூட்ல தேடிகினு கீறாங்க. இங்க தங்கிகீறாரா?"

"இல்லியே. மேல யாருமில்ல, வெள்ளையடிக்கப் போறோம்."

வாய் சொல்லிவிட்டது.  கண்ணாடிக்காரன் தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தான். நிதானமாக ஒரு படம் எடுத்தான். பிறகு இருவரும் போனார்கள். ஆனால் பைக் தெருமுனையில் இளநீர்க் கடை ஓரமாக நின்றுவிட்டது.

ஏட்டுக்குப் போன் போட்டாள். திருவிழா பந்தோபஸ்துக்குத் திருக்கழுக்குன்றம் போயிருப்பதாகவும், வந்ததும் பார்ப்பதாகவும் சொன்னார். ரெபேக்காள் கதவைச் சாத்தி, சமையற்கட்டில் நின்றுகொண்டு வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணினாள். மேலே காலடிச் சத்தமே இல்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

சாயங்காலம் சாம் வந்தான். பின்பக்கமாக, குப்பத்துச் சந்து வழியே. 

"ஷிப்டு முடிஞ்சி வந்துகினு இருந்தேன். வழியில ரெண்டு பேரு நிறுத்தினானுங்க. 'உங்க அக்கா வூட்ல சீனாக்காரன் கீறானாமே, நீயே சொல்லி வெளிய கூட்டிகினு வா'ன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னேன். உடனே தோள்ல கைபோட்டு, 'ஜெபா ஸ்கூல் வேன்ல பத்திரமா போய் வருதா?'ன்னு கேக்கறான்க்கா." சாம் அவள் கையைப் பற்றினான். "என் பொண்ணு பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

ரெபேக்காள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். சாம் செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான்.

"ஜெபாவையும் அவங்கம்மாவையும் மாமியார் வூட்டுக்கு அனுப்பிட்டேன். போலீஸ்காரன் இப்டி கேக்க மாட்டான். இவனுங்க வேற ஆளுங்க. அந்தாள ரெடி பண்ணு. குப்பத்துல கேட்டு மீன் வண்டி கொண்டாந்துகீறேன், பின்னால நிக்குது."

"நீதானேடா அனுப்பிடுன்ன?"

"அனுப்பத்தான் சொன்னேன். புடிச்சிக் குடுக்கச் சொல்லல."

மினி லாரியில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே லியாங் சுருண்டு உட்கார, மேலே தார்ப்பாய் மூடினார்கள். ரெபேக்காள் முன்னால் ஏறினாள். மாடி விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டிருந்தாள்.

திருக்கழுக்குன்றத்தில் திருவிழாக் கூட்டம். வண்டி நத்தையாய் ஊர்ந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு பைக் வெளிச்சத்துக்கும் அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு பைக் வெகுதூரம் பின்தொடர்ந்தது. சாம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். மலைக்குப் போகும் வளைவில் அந்த பைக் பிரிந்து போனது. பின்சீட்டில் பூக்கூடை வைத்த கிழவி. சாம் மூச்சு விட்டான். ரெபேக்காளுக்கு அழுகை வந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் சென்னை பீச்சுக்குப் போகும் லோக்கல் ரயில் நின்றிருந்தது. தாம்பரத்தில் இறங்கினால் அழைத்துப்போக லியாங்கின் அடைக்கல மனுவைப் பார்த்துவந்த வக்கீல் அம்மா வருவதாக ஏற்பாடு. லியாங் சட்டையெல்லாம் மீன் கவிச்சி. ஏறுமுன் சாமின் கையைப் பிடித்துக்கொண்டார்.  சாம் தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த நாள் அந்த இருவரும் வந்து, கேட்காமலேயே மாடி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். கண்ணாடிக்காரன் போகும்போது முதன்முதலாக வாய் திறந்து, சுத்தமான இங்கிலீஷில் "தேங்க் யூ" என்றான். ஏட்டு உலகநாதன் புகார் எழுதிக்கொண்டார். ஆட்கள் கிடைக்கவில்லை. சாமின் பாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அவன் ஜெபாவை இப்போது தானே பள்ளியில் கொண்டுபோய் விடுகிறான்.

நாலு மாதம் கழித்து லியாங் போனில் பேசினார். அடைக்கலம் கொடுத்த நாட்டில், பனி கொட்டும் ஏதோ ஊர். மறுபடி எழுதத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். ஜெபாவை விசாரித்தார்.

"உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க சார்?"

 

"அவள் போன் அணைந்திருக்கிறது" என்றார். "தினமும் போட்டுப் பார்க்கிறேன்."