தராசில் ஏறாத குழம்பு மீன்

ரம்யாவின் செல்போனில் அணை சிவந்து கிடந்தது. மீன்வளத்துறைச் செயலியில் நேற்று வரை பச்சையாக இருந்த வட்டம். அடுத்த மழை வரை மீன் பிடிக்கக் கூடாது, குஞ்சு மீன் இல்லை என்று கீழே இரண்டே வரி. அணைக்கு வரும் நீரின் அளவு, பண்ணையிலிருந்து விட்ட குஞ்சுகளின் கணக்கு, கரையில் ரம்யா தினமும் எடைபோட்டு ஏற்றும் மீன் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தச் செயலி முடிவு சொல்லும். மீன் அற்றுப்போனால் கல்வராயன் மலையடியில் இத்தனை குடும்பமும் அற்றுப்போகும் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். ரம்யாவும் அதை நம்பினாள். மீனவர் சங்கத்தில் அந்த வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்த அன்று, "எம் பொண்டாட்டிதான் இனிமே டேமுக்கே கலெக்டரு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் சிவசங்கர். இப்போது அதே சிவசங்கர் வீட்டுக்குள் பையில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"குடகுத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கறாங்க. சாயங்காலம் பஸ்ஸு."

"ஏங்க, பிரசவத்துக்குள்ளயாவது வந்துடுவீங்களா?"

"வூட்ல குந்திக்கினு இருந்தா இன்னா துன்றது, சொல்லு?"

பையைப் பார்த்துத்தான் பேசினான். இதுவரை அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் பேசியதே இல்லை.

தாங்க முடியாமல் ரம்யா வெளியே வந்தாள். எதிர்வீட்டு வாசலில் கண்ணகி நேற்றைய பொடி மீன்களைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, டேம்ல குஞ்சே இல்லன்னுச்சாமே உன் ஆப்பு? அதுக்கு மூக்கு இல்லயா? எங்க வூட்டுச் சட்டிய மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!"

ரம்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழம்பு மீன்! பரிசல் கரை தொடுவதற்கு முன்பே சின்னதையெல்லாம் பிரித்து வீட்டுக்கென்று ஒயர் கூடையில் போட்டுவிடுவார்கள். அது தராசில் ஏறாது. வயிற்றுக்கு எடுத்ததை நிறுத்தால் வலை வறண்டுவிடும் என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை; எல்லாருக்கும் தெரியும். கூடைகள் கடந்து போகும்போது அவளும்தான் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அவள் பார்க்காததைச் செயலி எப்படிப் பார்க்கும்?

மீன்வளத்துறை அலுவலர் தேவிப்ரியா கரையில் தடைப்பலகை நட வந்திருந்தாள். வயிற்றில் கை வைத்தபடி ரம்யா ஓட்டமும் நடையுமாகப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏம்மா, ட்ரெயினிங்ல எல்லா மீனையும் ஏத்தணும்னு சொன்னேன்ல?"

"அது மீன்ல சேத்தி இல்லீங்க மேடம். அது குழம்பு."

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ரம்யாவின் கண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "ஒரு சோதனை வலை போடச் சொல்லு. வர்றதை அப்படியே ஏத்து. இப்பவே மேல அனுப்பறேன். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

பஸ்ஸுக்குக் கிளம்பி வந்த சிவசங்கர் பையைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் பரிசல் ஏறினான். வெகுநேரம் கழித்து வலை வந்தது. சில பெரிய கட்லா மீன்கள். அவற்றின் நடுவே பொடி மீன்கள் ஒரு கைப்பிடி.

"நேத்து இருந்துச்சே..." என்றான். மலைப்பக்கமாகத் தள்ளிப் போய் மறுபடியும் வீசினான். அது இன்னும் மோசம்.

குஞ்சுகள் வெயிலுக்குப் பயந்து ஆழத்துக்குப் போய்விட்டனவா? இல்லை, தப்பான கணக்கிலிருந்து செயலி சரியான விடைக்கே வந்துவிட்டதா? அந்த நினைப்பை ரம்யா முழுதாக நினைக்கத் துணியவில்லை. எவ்வளவு இருந்தது, எவ்வளவு தின்றோம் என்று போனுக்கும் தெரியாது, தங்களுக்கும் தெரியாது.

பெரிய மீன்களின் எடையை ஏற்றினாள். செயலியில் அடுத்த கட்டம் குஞ்சு மீனுக்கு. அவள் விரல் அதன்மேல் நின்றது. தேவிப்ரியா தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வேண்டுமென்றுதானா என்று தெரியவில்லை.

"கொஞ்சம் சேத்துப் போடேன், ரம்யா." சிவசங்கர் மெல்லக் கேட்டான். காலையிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறான். கச்சிராயபாளையம் சாலையில் பஸ் ஹாரன் கேட்டது.

அவள் கண்ணைத் தாழ்த்தியபோது அவன் காலடியில் இருந்த ஒயர் கூடை தெரிந்தது. அதற்குள் ஒரு கெண்டைக் குஞ்சு, கொழுத்தது, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கைப்பழக்கத்தில் ஒதுக்கியிருக்கிறான்.

"அதையும் எடுங்க."

"அது உனக்குடி."

"தெரியும். தராசுல வையிங்க."

அவன் குனிந்து எடுத்து, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல, மற்ற பொடிகளோடு தட்டில் வைத்தான். கெண்டை வாலால் தட்டை அறைந்தது. தராசின் சிவப்பு எண்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. ரம்யா போனில் வைத்த விரலை எடுக்காமல், அவை ஓரிடத்தில் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.