கட்டுக்குப் பன்னிரண்டு

கடன் வாங்கிக் கழித்தலை ஒரே வாரத்தில் ஐந்து முறை கரும்பலகையில் விளக்கிவிட்டேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். மூன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு கணக்குகூடச் சரியாக வரவில்லை.

தலைமையாசிரியர் மகுடேஸ்வரன் அந்தப் பெயர்களைப் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். திங்கட்கிழமை முதல் பதினொரு பேரும் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார வேண்டுமாம்.

"இதுகளுக்கெல்லாம் மண்டைல ஏறாதுங்க டீச்சர். கையெழுத்துப் போடுங்க."

பிள்ளைகளை வைத்துக்கொண்டே சொன்னார். பட்டியலில் முதல் பெயர் தேஜஸ்ரீ. முன்வரிசையில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, அவள்மேல் பாதி. இத்தனை முறை சொல்லியும் இந்தப் பெண் ஏன் என் மானத்தை வாங்குகிறாள்?

"அஞ்சு நிமிசம் இருங்க சார். தேஜஸ்ரீ, எந்திரிச்சு வா. நாப்பத்திரண்டுல பதினேழு போனா எத்தனை? சத்தமாச் சொல்லிக்கிட்டே போடு."

சாக்பீஸை எடுத்துக் கணக்கை எழுதினாள். "ரெண்டுல ஏழு போகாதுங்க டீச்சர். பக்கத்துல நாலு கட்டு இருக்குதுங்க. ஒரு கட்டைப் பிரிச்சாப் பன்னெண்டு. ரெண்டைச் சேர்த்தாப் பதினாலு. ஏழு போக ஏழு. மீதி மூணு கட்டுல ஒண்ணு போக ரெண்டு. இருபத்தேழுங்க."

"கட்டுக்குப் பன்னெண்டுன்னு யாருடி சொன்னது?" கத்தியே விட்டேன்.

"கட்டுன்னாப் பன்னெண்டுதானுங்க டீச்சர். ஊட்டுல அம்மா கம்பெனி பனியனுக்குப் பிசிறு நூல் வெட்டுவாங்க. நாந்தானுங்க டஜன் டஜனா எண்ணிக் கட்டுவேன். ஒண்ணு கொறஞ்சாலும் கம்பெனில திருப்பி அனுப்பீருவாங்க. நீங்களும் கட்டைப் பிரின்னுதானுங்க சொன்னீங்க?"

சொன்னேன்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பேச்சில் விளக்குகிறேன் பேர்வழி என்று ஐந்து முறையும் கட்டு, கட்டு என்றே கூவியிருக்கிறேன். ஒரு கட்டில் பத்து என்று ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. அவள் நோட்டை வாங்கிப் பிரித்தேன். எல்லா விடையும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு கூடுதல். அதைக்கூடக் கவனிக்காமல் சிவப்பு மையில் தப்புப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். நானெல்லாம் ஒரு டீச்சர்! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கட்டுக்குப் பன்னெண்டு போட்டவங்க கையத் தூக்குங்க கண்ணு."

பதினொரு கைகள். அத்தனையும் வீட்டில் பனியன் எண்ணிக் கட்டும் கைகள்.

மகுடேஸ்வரன் சத்தமில்லாமல் பட்டியலை மடிக்கப் பார்த்தார். விடவில்லை. பிடுங்கி, அத்தனை பெயரையும் அடித்தேன். கீழே என் பெயரை, 'அன்புசெல்வி, மூன்றாம் வகுப்பு ஆசிரியை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினேன்.

"திங்கக்கிழமை ரெண்டாப்புல உக்கார வேண்டியது நானுங்க சார்."