ஓட்டப்போகிறவர் உட்காரட்டும்

அன்று காலை காருக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டுநர் இருக்கையில் ஓய்வுபெற்ற சர்வேயர். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, மடியில் கைப்பையோடு. பின்னால் ஒரு ஓரத்தில் மகள். மறு ஓரத்தையும் நடுப்பகுதியில் கணிசமான பங்கையும் பிடித்துக்கொண்டு மனைவியின் தம்பி. ஐந்தாவது ஆள் காருக்கு அடியில், பட்டறைப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தார். எதற்கும் அவசரப்படாத அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'நிதானம்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

கார் எங்கும் போகவில்லை. இன்ஜினையே போடவில்லை. நான்கு பேரும் கனத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்ப்பா நிதானம், ரெண்டு மணல் மூட்டையைத் தூக்கி வச்சாப் போதாதா? மனுஷங்கதான் வேணுமா?" என்றார் மைத்துனர்.

"மூட்டை சொல்லி வச்சிருந்தேன் சார்," என்றது பள்ளத்துக் குரல். "நீங்க வரீங்கன்னு தெரிஞ்சதும் வேணாம்னுட்டேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பில் கார் ஆடியது.

"ஆடாதீங்க!" என்றது குரல்.

இந்தக் காரின் தயாரிப்பை நிறுத்தியபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் புதுக் கார் வராமல் போனது, பிறகு கடைகளில் கண்ணாடியும் விளக்கும் வராமல் போயின, கடைசியில் "அந்த மாடலா?" என்று கேட்கும் கடைக்காரரே இல்லாமல் போனார். அதற்குப் பிறகு சர்வேயர் வீட்டில் ஒரு பாகம் உடைந்தால் அது குடும்பச் செய்தி. எங்கே கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் நிற்கும் வண்டிகளில் அதே மாடல் இருக்கிறதா என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

இப்போதைய விவகாரம் ரப்பர் புஷ். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை காரின் உடம்போடு சேருமிடத்தில், அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழையது பொடிப்பொடியாகிவிட்டது. கடையில் கிடைக்காததால் சர்வேயரே அளவெடுத்துப் படம் வரைந்து, அச்சகங்களுக்கு உருளை செய்கிற ரப்பர் பட்டறையில் கொடுத்து வார்த்து வாங்கினார். வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வத்தில் தன் வீட்டு வாசலிலேயே காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கியபடியே மாட்டி இறுக்கிவிட்டார். காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டது. கொஞ்ச நாளில் கிழிந்தும் போனது.

"ரப்பருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி சார்," என்று அப்போது நிதானம் சொன்னார். "எந்த நிலையில இறுக்குறோமோ அதுதான் தன் இடம்னு நினைச்சுக்கும். காலமெல்லாம் அங்கேயே திரும்பப் பார்க்கும். ஆள் ஏறின கனத்துல, வண்டி தன் காலில நிக்கும்போதுதான் இறுக்கணும்."

மறுபடி படம், மறுபடி பட்டறை. புது புஷ் வந்த அதே வாரம் கண் டாக்டர் சர்வேயரிடம் பேசினார். எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் புகை படிந்தாற்போல இருந்தது அவருக்கு. ஓரங்கள் நன்றாகத் தெரிந்தன. பார்க்க வேண்டியதுதான் தெரியவில்லை. இனி ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது என்றார் டாக்டர், மருந்துச் சீட்டு எழுதுகிற அதே குரலில்.

தொலைவில் ஓர் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் இதே மாடல் வைத்திருந்தார். அவர் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. 'பாகங்களுக்காக உங்கள் வண்டியை முழுதாகவே எடுத்துக்கொள்கிறேன், லாரி பேசிவிட்டேன், சம்மதமா என்று இந்த வாரத்துக்குள் ஒரு வரி எழுதுங்கள்' என்று எழுதியிருந்தார். சர்வேயர் அதை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "கொடுத்துடலாம்," என்றார். "ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதுக்கு? வாங்கின புஷ்ஷை மட்டும் போட்டுடுவோம். அரைகுறையா அனுப்ப வேணாம்."

பிரித்துப் போடப்போகிற காருக்குப் புது புஷ் எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காததே அவருக்கு உறுத்தலாக இருந்தது.

பள்ளத்தில் ஸ்பேனர் ஒரு முறை தட்டி நின்றது.

"சார், இறுக்கப் போறேன். ஓட்டுற சீட்டுல யாரு?"

"நான்தான்."

"நீங்களா?" குரல் யோசித்தது. "ஓட்டப்போறவங்க உட்காரட்டும் சார். உங்க கனத்துக்கு இறுக்கி என்ன பிரயோஜனம்?"

"யார் உட்கார்ந்தா என்னய்யா? பத்துப் பதினஞ்சு கிலோ வித்தியாசத்துல உன் ரப்பர் கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்கும் சார்."

"விக்கிற வண்டிதானே. இறுக்கு."

"வித்தா நான் எதுக்கு இறுக்கணும்? நாளைக்கு அங்க கழட்டிப் போடுவாங்க. சும்மா கையால மாட்டி விட்டுடறேன், நீங்க இறங்குங்க. விக்கலைன்னா ஓட்டப்போறவங்க யாருன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார், கழுத்து வலிக்குது."

மைத்துனர்கூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அது காரின் உயரத்திலேயே தெரிந்தது.

சர்வேயர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தார். பட்டறைச் சுவர், நடுவில் புகை. ஓட்ட ஆள் இல்லை என்று அவர் சொன்னது பொய் என்பது இந்தக் காரில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருப்பவள் முறையாக லைசென்ஸ் எடுத்தவள். தவறாமல் அதைப் புதுப்பித்தும் வந்தாள். அவளை ஓட்டவிட்டதும் உண்டு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவர் இல்லாத பிரேக்கை மிதிப்பார், "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துவார். ஒரு நாள் அவள் சிக்னலுக்கு அந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, சாவியை இவர் மடியில் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள். அன்றோடு சரி. அதற்காகச் சண்டையும் போடவில்லை.

"அத்தான்," என்றார் மைத்துனர் பின்னாலிருந்து, "அக்கா ஓட்டினா நான் ஏறமாட்டேன்னு பயப்படாதீங்க. நான் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கேன்."

"வாயை மூடுடா," என்றாள் அக்கா.

"அம்மா, நீயாவது சொல்லேன்மா," என்றாள் மகள்.

"நான் என்ன சொல்றது? அவர் வண்டி."

அந்த வார்த்தை சர்வேயருக்குச் சுருக்கென்றது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது அவர் பெயர்தான். ஆனால் வாங்கும்போது அவள் வளையல்களும் சேர்ந்துதான் போயின.

"எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கம் இல்லை," என்றார் அவர். யாரிடம் என்றில்லாமல், கொஞ்சம் முரட்டுக் குரலில். "மூட்டை மாதிரி உட்கார்ந்துட்டு... வேணாம். அப்படிப் போறதுக்கு இது இல்லாமலே போயிடலாம்."

சொன்ன பிறகுதான், வண்டியை ஏன் விற்கிறோம் என்பதைத் தானே முதல் முறையாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

மனைவி கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நான் இந்தப் பக்கத்துலதானே உட்கார்ந்து வரேன்," என்றாள். "அவ்வளவு மோசமான இடம் ஒண்ணும் இல்லைங்க. மரமெல்லாம் பார்க்கலாம். தூக்கம் வந்தாத் தூங்கலாம். நீங்க ஓட்டும்போது உங்க காதோரம் எப்ப நரைச்சதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

பள்ளத்திலிருந்து இருமல் சத்தம் வந்தது. அங்கே நின்றிருப்பவருக்கு எல்லாம் கேட்கும் என்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

சர்வேயர் கதவைத் திறந்து இறங்கினார். காரின் முன்பக்கத்தைத் தடவியபடியே சுற்றி வந்தார். மனைவியும் இறங்கிவிட்டாள். வழியில் ஒருவருக்கொருவர் ஒதுங்கி இடம் விட்டுக்கொண்டார்கள், வீட்டுச் சமையலறையில் செய்வதுபோல. அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்ததும் கால் பெடலுக்கு எட்டவில்லை. இருக்கையை முன்னால் தள்ளப் பார்த்தாள். அது நகருவதாக இல்லை.

"நகராது," என்றார் சர்வேயர். "அதை நான் நகர்த்தினதே இல்லை."

நிதானம் எண்ணெய்க் குப்பியோடு மேலே ஏறி வந்தார். இருக்கைக்கு அடியிலிருந்த தண்டவாளத்தில் எண்ணெய் விட்டு, சுத்தியலின் மரப்பிடியால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. அவசரமே இல்லை. "அம்மா, இப்ப முன்னால உந்துங்க." இருக்கை கிறீச்சென்று பிடி விட்டு, எதிர்பாராத வேகத்தில் முன்னால் பாய்ந்தது. மனைவியின் மூக்கு ஸ்டீரிங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"பிரேக்!" என்று கத்தினார் சர்வேயர்.

"வண்டி நிக்குதுப்பா!" என்றாள் மகள். எல்லோரும் சிரித்தார்கள். சர்வேயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

நிதானம் மறுபடி பள்ளத்தில் இறங்கினார். "இப்ப யாரும் அசையாதீங்க." ஸ்பேனர் நிதானமாகச் சுழன்றது. ஒவ்வொரு இறுக்கலும் காரின் தரை வழியாகச் சர்வேயரின் பாதத்துக்கு வந்தது. இத்தனை காலமாக ஓட்டும்போது இந்தக் காரை அவர் கைகளால்தான் அறிந்திருந்தார். பக்கத்து இருக்கையில் பாதத்துக்கும் ஏதோ தெரிகிறது.

"முடிஞ்சுது," என்றது குரல். "அந்த மருந்துக்கடைக்காரருக்கு என்ன எழுதப் போறீங்க?"

"அதைத்தான் யோசிக்கிறேன். பாவம், நம்பி இருப்பார்."

"கியர்பாக்ஸை மட்டும் லாரில போட்டு அனுப்பச் சொல்லுங்க. பிரிச்சுப் பார்ப்போம். பல்லு போயிருந்தா கடைசல் பட்டறையில வெட்டி வாங்கலாம். நேரமாகும்னு மட்டும் சொல்லிடுங்க."

"உன்கிட்ட வந்தா நேரமாகும்னு தனியா வேற எழுதணுமா?" என்றார் மைத்துனர்.

கடிதத்தை அங்கேயே, பட்டறை மேஜையில் எண்ணெய் படாத ஒரு மூலையைத் தேடி, மகள் எழுதினாள். சர்வேயர் சொல்லச் சொல்ல எழுதினாள். பாதிக்கு மேல் தகராறு. 'வண்டி விற்பதற்கில்லை' என்று அவர் ஆரம்பிக்க, முகத்தில் அடித்தாற்போல இருக்கிறது, முதலில் நலம் விசாரியுங்கள் என்றாள் அவள். நலம் விசாரித்தார்கள். கியர்பாக்ஸ் விவரம் வந்தது. புஷ் இறுக்கும்போது குடும்பத்தோடு உட்கார வேண்டும் என்ற குறிப்பும் வந்தது. கடைசியாகக் காரணம் எழுத வேண்டியிருந்தது.

"ஓட்ட ஆள் கிடைத்துவிட்டதுன்னு எழுது," என்றார்.

"கிடைத்துவிட்டதா? அம்மா என்ன, வேலைக்கு வந்த ஆளா?"

"சரி. இப்படி எழுது. 'இனிமேல் வண்டியை என் மனைவி ஓட்டுவார். நான் கூட வருவேன்.'"

மனைவி எதையும் காதில் வாங்காதவள்போல முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

உறையின் விளிம்பில் பசை தடவி, ஓரம் ஓரமாக விரலால் அழுத்தி ஒட்டியவர் சர்வேயர். அதற்குக் கண் தேவைப்படவில்லை.

தபால் பெட்டி தெருமுனையில் இருந்தது. மனைவி ஓட்டினாள். புறப்படும்போது ஒரு முறை இன்ஜின் அணைந்தது. அவர் கிளட்ச் என்ற சொல்லை வாயிலேயே மென்று விழுங்கினார். கால் மட்டும் கேட்கவில்லை, இல்லாத பிரேக்கை ஒரு முறை மிதித்துவிட்டது. அவள் பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டே போனாள். பெட்டிக்கு வெகு அருகே, கதவு திறக்க மட்டும் இடம் விட்டு நிறுத்தினாள்.

அவர் இறங்கிப் பெட்டியின் வாயை விரல்களால் தேடிக் கண்டுபிடித்து, உறையை உள்ளே விட்டார். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.