ஒகாயாமாக்காரர்

இரும்புத் தட்டைச் சுடுகாட்டு ஊழியர் வெளியே இழுத்ததும் அனல் முகத்தில் அடித்தது. சுமியே பின்வாங்கினாள்.

"கிட்ட வாம்மா. உங்கப்பன் இனிமே யாரையும் திட்ட மாட்டான்" என்றார் கனேமாட்சு. ஒசாகா துறைமுகத்தில் அவள் அப்பா தொக்குஜியோடு நிலக்கரி சுமந்தவர்.

தட்டில் ஆள் உருவமே இல்லை. கால் எலும்புகூட முழுசாக இல்லை.

"கம்பியாட்டம் இருக்கும்னு நெனச்சேன். பொரி மாதிரில்ல உதிருது" என்றார் கனேமாட்சு.

"ரொம்ப நாள் சீக்கு. அப்படித்தான் இருக்கும்" என்றார் ஊழியர். "ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. கால்லேருந்து ஆரம்பிங்க."

சுமியேவின் கணவன் கப்பலில் இருந்தான். அவன் இடத்தில் மாமியார் இசோ வந்து நின்றாள். இருவர் கையிலும் மூங்கில் குச்சிகள். ஒரே எலும்பை இருவரும் சேர்ந்து கவ்வி, தூக்கி, சாடிக்குள் இறக்கினார்கள்.

"வயித்துப் பிள்ளைக்காரி. குனியாத, நான் பாத்துக்கறேன்" என்றாள் இசோ.

"இருக்கட்டும் அத்தை."

கால் முடிந்து, இடுப்பு முடிந்து, விலாவுக்கு வந்தார்கள். அங்கே சாம்பலில் பச்சையாக ஏதோ கிடந்தது. இசோ குச்சியால் தட்டினாள். டிங் என்றது. உருகி இறுகிய கண்ணாடிக் கட்டி.

சுமியேவுக்கு அது என்னவென்று தெரியும். சின்ன வயதில் அப்பாவின் முதுகைத் தேய்த்துவிடுவது அவள் வேலை. தோளுக்குக் கீழே தோல் புடைத்திருக்கும். குளிர்காலத்தில் சில நேரம் அது பழுத்து, கண்ணாடிச் சில்லு வெளியே வரும். அப்பா அதைச் சிகரெட் சாம்பல் கிண்ணத்தில் போடுவார். "ஹிரோஷிமா இன்னும் வெளிய வந்துட்டே இருக்கு பாரு" என்பார். உடம்பில் கண்ணாடியை ஏற்றிய அந்த அணுகுண்டைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அங்கிருந்து உயிரோடு வந்த அம்மா, சுமியே பிறந்த சில வருடங்களில் ரத்தம் கெட்டுச் செத்தாள். பெண் பார்க்க வந்தபோது அப்பா சொல்லி வைத்தார்: "ஹிரோஷிமா ரத்தம்னு தெரிஞ்சா பிள்ளை ஊனமா பொறக்கும்னு யாரும் பொண்ணு எடுக்க மாட்டாங்க. நாம ஒகாயாமாக்காரங்க. நான் செத்தாலும் ஒகாயாமாதான். புரியுதா?"

"இது என்ன?" என்றாள் இசோ.

கனேமாட்சு முந்திக்கொண்டார். அவர் தொக்குஜியோடு பொதுக் குளியலில் குளித்தவர், அந்த முதுகைப் பார்த்தவர். "நான்தாங்க வச்சேன். சின்ன சாராய பாட்டில். போற வழியில தாகம் எடுக்குமேன்னு."

"சவப்பெட்டிய மூடுறப்போ நான் பக்கத்துலதான் நின்னேன்."

கனேமாட்சு தன் காலணியைப் பார்த்தார்.

"சுமியே, உங்கப்பா எந்த ஊரு?"

"ஒகாயாமா."

இசோ அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். வெகுநேரம் வயிற்றையே பார்த்தாள்.

"இதையும் சாடியில வச்சிரட்டுமா?" ஊழியர் மெதுவாகக் கேட்டார். இப்படி எத்தனையோ பார்த்தவர் போல அவர் குரல் இருந்தது. "சிலர் வைக்கச் சொல்லுவாங்க."

சுமியே கட்டியைப் பார்த்தாள். அப்பாவின் எலும்பெல்லாம் உதிர்ந்திருக்க, அது ஒன்றுதான் கெட்டியாக இருந்தது.

"வேணாம். அது அப்பாவோடது இல்ல."

ஊழியர் இடுக்கியால் எடுத்து மூலையிலிருந்த வாளியில் போட்டார். ஆணி, கொண்டி எல்லாம் கிடந்த வாளி. சத்தம் பெரிதாகக் கேட்டது.

மீதி எலும்புகளையும் எடுத்தார்கள். குனியாதே என்று இசோ இப்போது சொல்லவில்லை.

வாடகைக் காரில் இசோ ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரலாம். எலும்புச் சாடி வைத்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியைச் சுமியே மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். எலும்பின் சூடு இன்னும் ஆறவில்லை. துணியைத் தாண்டி வயிற்றில் இறங்கியது. உள்ளே பிள்ளை அசைந்தது.

அவள் பெட்டியை முழங்கால்வரை தள்ளி வைத்தாள். கார் திரும்பும்போதெல்லாம் அது வயிற்றை நோக்கி நகர்ந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் தள்ளினாள்.