கப்பல் சமையல்காரரின் ஐந்து நட்சத்திரம்

காலைத் தேநீர் ஆறுவதற்குள் சின்னவள் மூன்று நான்கு பேராக மாறிவிடுவாள். முதலில், பேரனுக்குக் கீபோர்டு வாங்கித் தந்த தாத்தா. அடுத்து, தேனிலவிலும் கீபோர்டைக் கீழே வைக்காத புதுமாப்பிள்ளை. பிறகு, கம்பிமேல் நடந்துகொண்டே வாசிக்கும் சர்க்கஸ்காரி. மடியில் வைத்து வாசிக்கிற சின்னக் கீபோர்டு விற்கும் கம்பெனியில் அவளுக்கு உத்தியோகம். வாங்கியவர்களின் அனுபவம் என்று இணையத்தில் எழுதிப் போட வேண்டும். வாங்கியவர்களுக்கு அந்தச் சிரமமே வைக்காமல் எல்லாருக்கும் சேர்த்து அவளே எழுதித் தள்ளினாள்.

அந்தக் கீபோர்டை அவள் தொட்டது கிடையாது. அது பாடுமா, பல்லிளிக்குமா என்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போகப் போடும் ஊசியை யாரோ அவள் நெஞ்சில் போட்டுவிட்டு, பல்லைப் பிடுங்க மறந்து போய்விட்ட மாதிரி இருந்தாள்.

ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்த எதையும் பொறுக்காத மேலாளருக்கு 'நட்சத்திரம்' என்றே பெயர். மனிதர் தும்மினாலும் ஐந்து முறைதான் தும்முவார். தொழில் ரகசியம் அவர் சொல்லித் தந்ததுதான்.

"வெறும் புகழா எழுதாதம்மா. கடைசியில பொடிசா ஒரு குறை வை. குறை சொல்றவனைத்தான் ஜனங்க நம்புவாங்க."

அப்படிப் பிறந்தவர்தான் ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர். 'புயலில் கப்பல் ஊஞ்சலாட, விடிய விடிய வாசித்தேன். கப்பல்தான் களைத்தது, பேட்டரி களைக்கவில்லை. ஒரே குறை, என் தடித்த விரலுக்குக் கட்டைகள் கொஞ்சம் சிறுசு.' அதைப் படித்து நட்சத்திரம் நாற்காலியோடு சுழன்றார்.

சின்னவள் அக்கா வீட்டில் இருந்தாள். வேலை பார்த்த அச்சகம் மூடியதிலிருந்து அத்தான் அந்த வீட்டின் இன்னொரு அலமாரியைப் போல ஆகிவிட்டார். துடைப்பம் வந்தால் மட்டும் நகர்வார். இளவயதில் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த அவருக்குத் திடீரென்று ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு ஓட்டல் தோட்டத்தில் மாலை வேளைகளில் வாசிக்க ஆள் தேவை. தோட்டத்தில் மின்சாரம் கிடையாது, பேட்டரியில்தான் வாசிக்க வேண்டும். ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் அவளுடைய கம்பெனிப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"சின்னு, ஒரு கப்பல் சமையல்காரர் எழுதியிருக்கார் பாரு! புயல்லயே வாசிச்சிருக்கார்மா. நல்ல மனுஷன், விரல் தடிமன்னு குறையையும் மறைக்காம சொல்றார்" என்றார் அத்தான்.

வீட்டில் அவளுக்கு 'ஏதோ கம்ப்யூட்டர் வேலை' என்றுதான் தெரியும். "நல்லதுதான் அத்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஓட்டலில் முதல் பாட்டு தேனாக ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவில் கீபோர்டு மூச்சை விட்டுவிட்டது. அத்தான் விரல்கள் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. தோட்டத்தில் இருந்தவர்கள் கரண்டியை வாயருகே நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். "சனிக்கிழமை இன்னொரு தடவை வாங்க. அன்னிக்கும் நின்னா அதோட சரி" என்றார் ஓட்டல்காரர்.

மறுநாள் அலுவலகத்தில் சின்னவளின் திரைக்கு ஒரு கேள்வி வந்தது. கம்பெனிக்கு அல்ல, கப்பல் சமையல்காரருக்கு.

'ஐயா, வணக்கம். புயலில் வாசித்த உங்களுக்கு நின்று போகவில்லை. எனக்கு இரண்டாவது பாட்டிலேயே நின்றுவிட்டது. நான்தான் ஏதோ தப்பு செய்கிறேன். என்னவென்று சொல்வீர்களா?'

கீழே அத்தானின் பெயர்.

நட்சத்திரம் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார்ஜ் சரியா போடலன்னு எழுது. தப்பு எப்பவும் வாங்கினவன் மேலதாம்மா!"

அவள் எழுதினாள். 'தம்பி, நாள் முழுக்க சார்ஜ் போடுங்கள். தைரியமாகப் போங்கள்.' விரல்கள் தாமாகவே அடித்தன. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அத்தான் குதியாட்டம் போட்டார். "பதில் போட்டுட்டார்மா! என்னைத் தம்பின்னு கூப்பிட்டிருக்கார்!"

"ஆமா, கூடப்பிறந்த அண்ணன்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை மதியம் அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கீபோர்டின் பச்சை விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு என் அவசரத்துல கெடுத்துட்டேன். பாவம், அதும்மேல தப்பில்ல" என்று அதைத் தட்டிக் கொடுத்தார்.

சின்னவளுக்கு அந்த மறந்துபோன பல் அப்போதுதான் வலித்தது.

"அத்தான், அப்படி ஒரு சமையல்காரர் இல்ல. நான்தான் அவர்."

இஸ்திரிப் பெட்டி சட்டையிலேயே நின்றது. அக்காதான் ஓடிவந்து தூக்கினாள். "ஏன்டி, சட்டையும் போச்சு! என்ன உளர்ற?"

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தாவை, மாப்பிள்ளையை, சர்க்கஸ்காரியை, நாள் முழுக்க சார்ஜ் போடச் சொன்னதை. சொல்லும்போது அழுகைகூட வரவில்லை.

அத்தான் கீபோர்டின் சார்ஜ் ஒயரைப் பிடுங்கினார். "அப்போ என் மேல தப்பு இல்லியா?" என்றார்.

"இல்ல அத்தான்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஓட்டல் சமையலறை வாசல்ல, பிளக் பக்கத்துல நின்னு வாசிக்கறேன்னு கேட்டிருப்பேனே. இப்பவும் போய்க் கேட்கறேன்." கருகிய சட்டையையே மாட்டிக்கொண்டு ஒயரைச் சுருட்டினார். வாசலில் நின்று திரும்பினார். "கருவி கெட்டா மாத்திக்கலாம்மா. கண்ணால பார்க்காததுக்கு நீ சாட்சி சொல்லிட்டே. அதை நம்பி நின்னவன், எனக்குத்தான் புத்தி இல்லன்னு நெனச்சுக்கிட்டான். இனிமே உண்மையைச் சொல்றவனையும் நான் சந்தேகப்படுவேனே, அதை எந்தக் கடையில மாத்துறது?"

அவர் போன பிறகு சின்னவள் கப்பல் சமையல்காரரின் பக்கத்தைத் திறந்தாள். இந்த முறை விரல்களைப் பார்த்து அடித்தாள். 'நான் கடலையும் பார்த்ததில்லை, இந்தக் கீபோர்டையும் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் தொட்டார். இரண்டாவது பாட்டில் நின்றுவிட்டது. தப்பு அவர்மேல் இல்லை.'

கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டாள். ஒரே ஒரு நட்சத்திரம் வைத்தாள்.