கல்யாணத் தாழி

போலந்துக்காரர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் ஷால்வாவின் தோட்டத்துக்கு எந்தச் சுற்றுலாக் கூட்டம் வந்தாலும் முதலில் கால், அப்புறம்தான் திராட்சை. மலையிலிருந்து நேராகக் குழாய்க்கு வரும் தண்ணீர் என்பதால் ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள், ஒருவர் காலை ஒருவர் படம் பிடித்தார்கள். அதே நேரத்தில் ஷால்வா கொட்டகைக்குள் குப்புறப் படுத்து, தரையோடு தரையாக வாய் திறந்திருந்த ஒரு தாழிக்குள் தலையை விட்டு, நேற்று சாயங்காலம் தான் ஊற்றிய தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார்.

தண்ணீரைக் காணோம். அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது. தண்ணீர் நிற்காத தாழியில் சாறு நிற்காது என்பதை அந்தப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தைக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எங்கேயோ மயிரிழை அளவுக்கு விரிசல். மண்ணுக்குள் ஆள் உயரத்துக்குப் புதைந்து கிடக்கும் பாண்டத்தில் விரிசல் எங்கே என்று தேடுவதைவிட, புதுத் தாழி வாங்கிப் புதைப்பது சுலபம். ஆனால் இன்றைக்கு நடக்கிற காரியமில்லை. இன்றைக்குத் தொட்டி நிறைய சப்பெராவித் திராட்சை குவிந்து கிடக்கிறது. கழுவிய கால்கள் வெளியே காத்திருக்கின்றன.

மற்ற தாழிகள் எல்லாம் நிரம்பி, மூடியைத் திறந்தால் குமுகுமுவென்று கொதித்துக்கொண்டிருந்தன. காரணம் ஆலங்கட்டி. ஆகஸ்டில் பெய்த ஆலங்கட்டியைத் தன் மனைவி எத்தேரியின் கோழி முட்டை என்று நினைத்து அடைகாத்தது, குஞ்சு பொரிக்கவில்லை, கோழிக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம் என்று ஷால்வா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கோழியையும் காட்டுவார். அது தும்மும். இன்னொரு மழைக்குப் பயந்து இந்த முறை ஊர் முழுக்க ஒரே வாரத்தில் பழத்தைப் பறித்துவிட்டது. யாரிடமும் ஒரு காலிக் குடம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் குளியல் தொட்டியில் சாறு ஊற்றிவிட்டுக் குளிக்காமல் திரிகிறார். அவர் மனைவிக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையாம்.

மீதி இருந்தது ஒரே ஒரு தாழி. வடக்கு மூலையில் கல் மூடி, அதன்மேல் களிமண் பூச்சு, அதன்மேல் ஒரு காய்ந்த திராட்சைக் கொடி. மகன் மல்ஹாஸ் பிறந்த வருஷத்து மதுவை நிரப்பி மூடியது. மகன் பிறந்தால் அப்படி ஒரு தாழியை மூடி வைப்பதும், அவன் கல்யாணத்தன்று ஊர்கூடி அதைத் திறப்பதும் அங்கே வழக்கம். மல்ஹாஸுக்கு இப்போது முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. தாழி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தையும் ஷால்வா அந்த மூலைக்குக் கூட்டிப் போவார். கல்லில் காதை வைத்துக் கேட்கச் சொல்வார். உள்ளே மது தூக்கத்தில் புலம்புவது நல்ல காது உள்ளவர்களுக்குக் கேட்கும் என்பார். கேட்கவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அவருக்கு அந்தத் தாழியோடு தனிப்பட்ட விவகாரம் ஒன்றும் இருந்தது. மல்ஹாஸ் சிறு பையனாக இருந்தபோது ஒரு பிறந்தநாளன்று, மது கெட்டுப்போயிருக்குமோ என்று அவருக்கு ஒரு கவலை வந்தது. கல்லை நகர்த்தி, நீளக் காம்பு வைத்த சுரைக்குடுவையால் கொஞ்சம் மொண்டு பார்த்தார். கெடவில்லை. அடுத்த பிறந்தநாளிலும் கவலை வந்தது. பொறுப்புள்ள தகப்பனுக்குக் கவலை வராமல் இருக்குமா? மகன் வேலைக்குப் போலந்து போன வருஷம் கவலை மாதத்துக்கு ஒரு தடவை வந்தது. அப்புறம் ஒருநாள் குடுவை மதுவைத் தொடவில்லை. காம்பு காய்ந்து சுருங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, கல்லை மூடி, புதுக் களிமண் பூசி, அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

மல்ஹாஸ் ஒவ்வொரு அறுவடைக்கும் லீவு போட்டு வருவான். கூடையைத் தூக்குவான், சாறு இறக்குவான், கிளம்பிவிடுவான். கல்யாணப் பேச்சை எடுத்தால் பார்ப்போம் என்பான். இந்த வருஷம் பார்ப்போம் என்ற பதில் போதாது. மேட்டுத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு கம்பெனிக்காரன் வந்துவிட்டுப் போயிருக்கிறான். பழம் எடுத்து முடிந்ததும் சொல்கிறேன் என்று ஷால்வா அவனை அனுப்பியிருந்தார். முழங்கால் இரண்டும் அவரைக் கேட்காமலே குத்தகைக்குச் சம்மதித்துவிட்டன. மகன் திரும்பி வருவானா, இல்லையா? ஒரே ஒரு கேள்வி. இருவரும் ஒரே வண்டியில் போனார்கள், ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். கேள்வி மட்டும் வாய் வரை வந்து ரொட்டியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வழிகாட்டிப் பெண் நூட்சா வாசலில் வந்து நின்றாள்.

“ஷால்வா மாமா, எல்லாம் வெறுங்காலோட நடுங்குதுங்க. மிதிக்க விடலாமா?”

“விடு. மிதிச்சது எங்க போய்ச் சேரும்னுதான் தெரியல.”

விட்டாள். மரத்தைக் குடைந்து செய்த அந்த நீளத் தொட்டிக்குள் அவர்கள் இறங்கியதும், சிரிப்பும் சேறு மிதிக்கிற சத்தமும் கேட்டன. மல்ஹாஸ் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, வயதான அம்மாள் ஒருத்தி ஏதோ கேட்க, அவன் போனை எடுத்து அவளுக்கு மட்டும் காட்டினான். அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள். ஷால்வா பார்த்தார். போனில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை.

விரிசல் விஷயத்தைச் சொன்னதும் மல்ஹாஸ் காலித் தாழியைப் பார்த்தான், வடக்கு மூலையைப் பார்த்தான்.

“கல்யாணத் தாழியை மட்டும் தொட வேணாம்ப்பா.”

“அதைத் தொடவே கூடாது” என்றார் ஷால்வா அதே மூச்சில்.

அப்பனும் மகனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. எத்தேரி மண்ணடுப்பின் உட்சுவரில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஒற்றுமையைக் கேள்விப்பட்டு மாவுக் கையோடு எழுந்து வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சாறு சக்கையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தது. குளவிகள் வந்தாயிற்று.

“வராத மருமகளுக்கு இடம் பிடிச்சு வச்சுக்கிட்டு, வந்த சாறை மண்ணுல ஊத்தப் போறியா மனுஷா? உள்ள இருக்கறத பாட்டில்ல புடிப்போம். திற.”

அவள் சொன்னது நியாயம் என்பதுதான் அதில் இருந்த கஷ்டம்.

நூட்சாவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தச் சுற்றுலாவுக்கும் கிடைக்காத காட்சி. எல்லோரையும் தொட்டியிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தாள். கொட்டகைத் தரையெல்லாம் ஊதாக் காலடிகள். தாழி திறக்கும் முன் வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஷால்வா கோப்பையைத் தூக்கிக் கடவுளில் தொடங்கினார். அமைதிக்கு, இறந்தவர்களுக்கு, விருந்தாளிகளுக்கு, விருந்தாளிகளைப் பெற்ற தாய்மார்களுக்கு, அந்தத் தாய்மார்களுக்குப் பிரசவம் பார்த்தவர்களுக்கு, போலந்தில் ஓடுகிற ஆறுகளுக்கு. ஆறுகளின் பெயர் தெரியாததால் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மிச்சம் ஏதாவது ஓடை இருக்கிறதா என்று அவர் கேட்டபோது எத்தேரி மண்வெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

களிமண் உடைந்தது. கல்லை மல்ஹாஸ் தள்ளினான். மது வாசனை வரவில்லை. பழைய பானையைக் கவிழ்த்தால் வருமே, அந்த வாசனை வந்தது. களிமண் துண்டு ஒன்று உள்ளே விழுந்து ‘டக்’ என்றது. ஈரத்தில் விழுந்த சத்தமில்லை.

ஷால்வா குனிந்து அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். பாதியாவது இருக்கும் என்றும் எதிர்பார்த்தார். சுரைக்குடுவைகளை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் கணக்கு அடி வரைக்கும் போகவில்லை. ஆனாலும் திருடியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை கிடையாது. நிமிர்ந்தார்.

“மாப்பிள்ளைக்காக இத்தனை வருஷம் காத்திருந்து மதுவுக்குச் சலிச்சுப் போச்சு. அவனைத் தேடிக்கிட்டு அதுவே போலந்துக்குக் கிளம்பிப் போயிருச்சு. வழியில யாராவது பாத்தீங்களா?”

நூட்சா மொழிபெயர்த்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். மல்ஹாஸ் மட்டும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

சாறு காத்திருக்காது. தாழியைக் கழுவ வேண்டும். முதலில் கம்பியில் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டி இறக்கினார்கள், அணையவில்லை, அப்படியே தொங்க விட்டார்கள். அப்புறம் மல்ஹாஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டி, செர்ரிப் பட்டைத் துடைப்பத்தோடு தோளைக் குறுக்கி இறங்கினான். தாழிக்குள் இறங்கியவன் வாயை மூடக் கூடாது என்பது சட்டம். அடியில் தங்கும் காற்று ஆளைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்விடும். பாடலாம், திட்டலாம், ஜெபம் பண்ணலாம். நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுத்துவிடுவார்கள். மல்ஹாஸ் பாடுவதில்லை. ஒரு தடவை பாடினான்; உயிர் போகிறது என்று நினைத்து இழுத்துவிட்டார்கள்.

ஷால்வா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வாயோரமாகப் படுத்தார். கீழேயிருந்து குரல் உருண்டையாக வந்தது. சுவர் சொரசொரப்பா இருக்கு என்றது. தண்ணி விடு என்றது. ஒரு வாளி கறுப்பாகவும் ஒரு வாளி சிவப்பாகவும் மேலே வந்தது. அப்புறம் குரல் நின்றது.

“டேய், பேசு.”

“மது தானா போகலப்பா.”

“ம். நிறுத்தாத.”

“நான்தான். பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி. பழைய டிராக்டர் குழாய் இருந்துச்சே, அதை விட்டு உறிஞ்சினோம். நானும் பசங்களும். கழுத்து வரைக்கும்தான்ப்பா. அப்புறம் லீவுல வந்தப்ப இன்னொரு தடவை. ஆனா அடி வரைக்கும் எடுக்கல. சத்தியமா அடி வரைக்கும் எடுக்கல.”

கழுத்து வரை மகன். கழுத்துக்குக் கீழே தகப்பன். அதற்கும் கீழே? ஷால்வா தலையைத் திருப்பி எத்தேரியைப் பார்த்தார். அவள் விரலில் ஒட்டிய மாவை உரித்துக்கொண்டிருந்தாள்.

“மண்ணும்தான் குடிக்கும்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“அதனாலதான் கல்யாணத்தை இங்க வச்சுக்கல” என்றது தாழி.

“எந்தக் கல்யாணத்தை?”

உள்ளே சத்தமில்லை. ஷால்வாவின் கை தானாகக் கயிற்றை இழுத்தது.

“இழுக்காதப்பா, இருக்கேன். ரெண்டு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டோம். ரெண்டு பேரும் போய் சூப்பு குடிச்சோம். இங்க பண்ணினா நீ தாழியைத் திறப்ப. ஊரே சுத்தி நிக்கும். வாழ்த்தெல்லாம் சொல்லி முடிச்சு, கல்லைத் தள்ளி, குறைஞ்சு கிடக்கறதைப் பாத்தா உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சேன். அதைப் பாக்க முடியாதுன்னு தோணுச்சு. அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். விட்டா விட்டதுதான்.”

ஷால்வா கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தார். முழங்கால் வலித்தது, மாற்றிப் படுக்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு விருந்திலும் எழுந்து நின்று மகன் கல்யாணத்துக்கு அவர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். கண் கலங்கும்படிச் சொல்வார். அதற்காகவே அவரைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது, ‘ஆனால் இந்த வருஷம் வேண்டாம் ஆண்டவரே’ என்று ஒன்று அடிநாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. குடுவை எட்டாமல் போன நாளிலிருந்து அது இருக்கிறது. கடவுள் இரண்டையும் கேட்டிருக்கிறார். கல்யாணத்தையும் நடத்திவிட்டார், இந்த ஊர் கண்ணில் காட்டவும் இல்லை.

இப்போது அவரும் சொல்லலாம். இருட்டுக்குள் பார்த்துச் சொல்வது சுலபம்தான், மகனே காட்டிவிட்டான். வாயைத் திறந்தார்.

“அவ பேரென்ன?”

“வெரோனிகா.”

“உயரமா?”

“என்னைவிட ஒரு விரல்.”

“மது குடிப்பாளா?”

“மாட்டா. வாசனைகூட ஆகாது.”

எத்தேரி முதல்முறையாகச் சிரித்தாள். “இந்த வீட்டுக்கு அப்படி ஒருத்தி வேணும்” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தும் போகாமல் அங்கேயே நின்றாள். நூட்சா மொழிபெயர்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். போன் பார்த்த அந்த அம்மாள் மட்டும், எல்லாம் தெரிந்தவள்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி வாளி தெளிந்த தண்ணீராக வந்தது. ஷால்வா அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மலைத் தண்ணீரின் ருசி, வேறொன்றும் இல்லை. தாழி சுத்தமாகிவிட்டது. வெளியே சாறு தொட்டியில் மெல்ல முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது.

“முடிஞ்சுதுப்பா. தூக்கு.”

“இரு” என்றார் ஷால்வா. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டார். “மேட்டுத் தோட்டத்தை ஒருத்தன் குத்தகைக்குக் கேக்கறான். நான் என்ன சொல்லட்டும்? நீங்க ரெண்டு பேரும் இங்க வருவீங்களா?”

பதில் வரவில்லை. சட்டப்படி அவர் கயிற்றை இழுத்திருக்க வேண்டும். கீழே துடைப்பம் மறுபடி சுவரில் உரசத் தொடங்கியது. ஏற்கெனவே கழுவிய இடத்திலேயே, மெதுவாக, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கம்பியில் தொங்கிய மெழுகுவர்த்தியின் சுடர் ஆடாமல் நேராக நின்றுகொண்டிருந்தது. ஷால்வா அந்தச் சுடரைப் பார்த்தபடி, கயிற்றை இழுக்காமல் படுத்திருந்தார்.