பழைய ஃபாண்ட்

பேச்சுக்கு முன்னால் அடிதான் விழுந்தது. பிரஸ்ஸுக்குள் நுழைந்த வேகத்தில் நெட்டையன் முதலாளியின் மூக்கை உடைத்தான். கூட வந்த கண்ணாடிக்காரன் ஷட்டரை இழுத்து மூடினான். பட்டப்பகல். தெருவில் ஜனம் போய்க்கொண்டுதான் இருந்தது, ஒரு நாதி எட்டிப் பார்க்கவில்லை.

"மில்லுக்காரரைக் கொலகாரன்னு நோட்டீஸ் அடிச்சது இங்கதானே. எழுதிக் குடுத்தது யாரு?"

"யாரோ குடுத்தாங்க, வாங்கிட்டுப் போனாங்க. முகமெல்லாம் ஞாபகம் இல்லப்பா," என்றார் முதலாளி. வயிற்றில் ஒரு உதை விழுந்தது.

எழுதியவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடிப்பவளின் கூடப்பிறந்த தங்கை. மில்லில் பாய்லர் வெடித்து ஆட்கள் வெந்து செத்தபோது பக்கத்தில் நின்றவள். கிறுக்கச்சி, நோட்டீஸின் அடியில் தன் பெயரையும் போட்டிருந்தாள். அச்சுக்குப் போகுமுன் அக்காதான் அதை எடுத்தாள். ஆனால் முதலில் அடித்த பிரதி, பெயரோடு, இன்னும் கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. அதை அழிக்காமல் விட்ட தன் சோம்பலைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

"மில்லுக்காரர் பேரப் போட்டுத் தேடு," என்றான் கண்ணாடிக்காரன். தேடினாள். ஒன்றும் வரவில்லை.

பாவிக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும், அதுதான் வினை. "ஃபைல் பேர மட்டும்தான் பாக்குது. செட்டிங்ஸ்ல போ. உள்ள இருக்கிற எழுத்தையும் தேடச் சொல்லு. மறைச்சு வெச்ச ஃபோல்டரையும் சேத்துக்க. ஒண்ணையும் விடாத."

சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்த நோட்டீஸ் பழைய ஃபாண்டில் அடித்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்து. இப்போதைய தமிழில் பெயரைப் போட்டால் தலைகீழாக நின்றாலும் சிக்காது. பழைய ஃபாண்டில் போட்டால் மறுநொடியே ஃபைல் வந்துவிடும், தங்கையின் பெயரோடு.

தேடல் ஊர்ந்தது. நெட்டையனுக்குப் பொறுக்கவில்லை. முதலாளியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய், அவருடைய வலது கையைத் தாள் வெட்டும் மெஷினுக்குள் திணித்தான்.

"ஒண்ணும் இல்லன்னு வந்துச்சுன்னா, இந்தாளுக்கு வெரல் இருக்காது."

"ஏம்மா," என்றார் முதலாளி.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லிவிடுவோம் என்று பயந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது. அதை அவளே வாய்விட்டுப் படித்தாள்.

கத்தி இறங்கியது. அவர் அலறினார். அடுக்கியிருந்த வெள்ளைத் தாளெல்லாம் ரத்தம். கண்ணாடிக்காரன் திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இங்க இல்லடா, வேற எங்கயோ அடிச்சிருக்கானுங்க," என்றான். சகதியை மிதித்த மாதிரி செருப்பைத் தேய்த்துக்கொண்டு இருவரும் வெளியேறினார்கள். ஷட்டர் மறுபடி இறங்கியது.

அவள் ஓடிப்போய்த் துணியைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்ணே. மன்னிச்சிருங்கண்ணே."

"பழைய ஃபாண்டுன்னு எனக்கும் தெரியும்மா," என்றார் அவர். பல் கிட்டித்துக்கொண்டு வந்தது. "நானே சொல்லியிருப்பேன். உன் தங்கச்சியாச்சே, என் வாயால வேண்டாம்னு இருந்தேன். எப்படியும் நீ சொல்லிருவேன்னு நெனச்சேன்."

கையை அவளிடமிருந்து விடுவித்துக்கொண்டு, இடது கையால் ஷட்டரைத் தானே தூக்கினார்.